ஒரு விரிசல்கூட இல்லாமல்

அல்லியேரியைத் தூர்த்துக் கட்டிய எட்டு கட்டடங்களில் பி பிளாக் மட்டும் பூமிக்குள் இறங்கத் தொடங்கியதை முதலில் கண்டவள், தரைத்தளத்தில் மூன்றாம் எண் வீட்டுக்காரி தேசம்மா. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் சூம்பிப்போன அவள், நாலு சிறு சக்கரம் பூட்டிய பலகையில் உட்கார்ந்து கைகளால் தரையை உந்தி உந்தித்தான் எங்கும் போவாள். வாசலில் இருந்த மூன்று படிகளில் இறங்க, பலகையை முதலில் கீழே தள்ளிவிட்டுப் பிறகு தன்னை ஒவ்வொரு படியாக இறக்கிக்கொள்வாள். அந்தப் படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாய்வுப்பாதை கட்டித் தரச் சொல்லி இரண்டு வருடமாகக் குடியிருப்பு அலுவலகத்துக்கு மனு எழுதிக்கொண்டிருந்தாள். கார்த்திகை மழை விட்ட ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் வாசலுக்கு வந்தபோது மூன்று படி இருந்த இடத்தில் இரண்டு இருந்தன; தை பிறந்தபோது ஒன்று இருந்தது; மாசி நடுவில் அதுவும் இல்லை. தேசம்மா யாரையும் கூப்பிடாமல், எங்கும் நிற்காமல், வாசல் வழியே நேராக உருண்டு போய் வெயிலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தாள். அலுவலகத்தில் அவளுடைய மனுவின் மேல் ‘கோரிக்கை நிறைவேறியது’ என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

வாய்க்கால் கரையில் குடிசை போட்டிருந்தவர்களை லாரிகளில் ஏற்றிவந்து அங்கே குடிவைத்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. நடக்க முடியாதவர்களுக்கும் கண் தெரியாதவர்களுக்கும் படுக்கையில் விழுந்தவர்களுக்கும் தரைத்தளம் என்பது சட்டம், அதனால் அந்தத் தளத்தின் எட்டு வீடுகளிலும் அப்படிப்பட்டவர்களே இருந்தார்கள். தேசம்மாவுக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை. கையால் சுற்றும் தையல் மிஷினில் பள்ளிக்கூடச் சட்டைகளும் பாவாடைகளும் தைத்து அவள் காலம் தள்ளினாள். மூன்றாம் மாடியில் இருந்த பூங்காவனம் மட்டும் அவளுக்கு நெருக்கம், வாய்க்கால் கரையில் இருவர் குடிசைக்கும் ஒரே தட்டிதான் நடுச்சுவராக இருந்தது, அங்கே முப்பது வருடம் அந்தத் தட்டியின் ஓட்டை வழியாகத்தான் இருவரும் பேசிக்கொண்டார்கள்.

கட்டடம் இறங்கியது, ஆனால் ஒரு பக்கம் சாயவில்லை, ஒரு கதவு இறுகவில்லை, அலமாரியில் அடுக்கிய டம்ளர் ஒன்று நகரவில்லை. வயதான பெண் ஒருத்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் அமர்வது போல, எட்டு தளமும் அறுபத்துநாலு குடும்பமும் அவர்களுடைய கட்டில்களும் காஸ் அடுப்புகளும் நேராக, சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தன. அலுவலகத்திலிருந்து நாலு பேர் வந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார்கள், சுவர் மூலைகளில் மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டிவைத்து, ஒரு மாதம் கழித்து வந்து அவை உடைந்திருக்கின்றனவா என்று பார்த்தார்கள். ஒன்றும் உடையவில்லை. விரிசல் இருந்தால்தான் ஆபத்தான கட்டடம், ஆபத்தான கட்டடத்தில் இருப்பவர்களுக்குத்தான் மாற்று வீடு, இங்கே ஒரு விரிசல்கூட இல்லை, ஆகவே கட்டடம் நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

அவர்களுக்குப் பிறகு ஒரு பெண் வந்தாள். சொர்ணலதா என்று பெயர், மண் பரிசோதனைப் பிரிவில் இன்ஜினியர். அவள் கண்ணாடித் துண்டுகளைப் பார்க்கவில்லை. முக்காலியில் கருவியை வைத்து, தூரத்தில் அளவுகோலை நிறுத்தி, கட்டடம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கணக்கெடுத்துவிட்டு, தண்ணீர் கேட்டுத் தேசம்மாவின் வீட்டுக்குள் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“இன்னாம்மா கீது கீழ?” என்று தேசம்மா கேட்டாள்.

“நாப்பது அடிக்குக் களிமண்ணு. இட்லி மாவு மாதிரி. அதுக்குள்ள பாதிக்குப் பாதி தண்ணி. மேல பாரம் ஏறினா அந்தத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா வெளிய போகும், போகப் போக மண்ணு இறுகும், இறுகினா மேல இருக்கிறது உக்காரும். கட்டடம் கட்டுறதுக்கு முன்னாடி மணலை மலையாட்டம் கொட்டி ஒன்றரை வருஷம் அமுக்கி வைக்கணும்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன். மணலைக் கொட்டினாங்க, ரெண்டு மாசத்துல அள்ளிட்டாங்க.”

“அப்ப எல்லா பிளாக்கும் எறங்கணுமே.”

“இறங்கணும். ஒரு சாண், ரெண்டு சாண், கோணல்மாணலா, விரிசல் விட்டு இறங்கணும். இது மட்டும் ஏன் இப்படி இறங்குதுன்னு எனக்குத் தெரியாதுக்கா. எந்தப் புஸ்தகத்திலயும் இல்ல.”

“திரும்ப மேல வருமா?”

சொர்ணலதா டம்ளரைக் கீழே வைத்தாள். “இறுகின மண்ணு திரும்பாது. பாரத்தை எடுத்தாலும் ஒரு விரல், ரெண்டு விரல் உப்பும். அவ்வளவுதான்.”

பங்குனியில் இறக்கம் வேகம் பிடித்தது, வாரத்துக்கு அரைச்சாண் ஆனது, சித்திரையில் மண் ஜன்னலின் அடிக்கட்டைக்கு வந்தது. ஜனங்கள் அதற்கும் பழகினார்கள். வாசலைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, மண்ணில் படி செதுக்கி இறங்கினார்கள். முதல் மாடிக்காரர்கள் பால்கனிக் கம்பியை அறுத்துவிட்டு அங்கே ஒரு ஏணி சாத்தி அதையே வாசலாக்கிக்கொண்டார்கள், தபால்காரர் ஏணியில் ஏறிக் கடிதம் கொடுத்தார், ஒரு கல்யாணத்துக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் அந்த ஏணி வழியாகத்தான் உள்ளே வந்தார்கள், ஏணிக்கு மாலை போட்டிருந்தது. தரைத்தளத்தில் பகலிலும் விளக்கு எரிந்தது. தேசம்மா ஜன்னலோரம் மிஷினைப் போட்டுக்கொண்டு, தைத்துக்கொண்டே, மண் மேலே போவதைப் பார்த்தாள். முதலில் ஏரியைத் தூர்க்கக் கொட்டிய சிவப்பு கிராவல் போனது, அதற்கடுத்து எங்கெங்கோ இடித்த வீடுகளின் செங்கல்லும் உடைந்த டைல்ஸும் பிளாஸ்டிக் பைகளும் போயின, வைகாசியில் ஒரு நாள் நத்தை ஓடுகளும் அல்லி வேர்களுமாகக் கறுப்பாக ஏரியே வந்து கம்பிக்கு வெளியே நின்றது. தொட்டால் ஜில்லென்று இருந்தது. தொட்ட இடத்திலிருந்து தண்ணீர் கசிந்து, கம்பி வழியே சுவரில் இறங்கி, தரையில் ஓடியது. தேசம்மா ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு இல்லை.

அந்தக் கோடையில் தண்ணீர் லாரி நாலு நாளைக்கு ஒரு முறை வந்தது, வந்த தண்ணீரும் அரிசி வேகாத உப்புத் தண்ணீர், குழந்தைகளுக்கு வயிற்றால் போனது. ஆகவே தேசம்மா ஜன்னலில் பழைய வேட்டியைக் கட்டி, அது வடியும் இடத்தில் ஒரு குடத்தை வைத்து, பூங்காவனத்தைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். மறுநாள் பத்துப் பேர் வந்தார்கள், அதற்கு மறுநாள் அறுபத்துமூன்று வீட்டுக்காரர்களும் வந்தார்கள், மற்ற ஏழு வீட்டு ஜன்னல்களிலும் வேட்டி கட்டப்பட்டது. மாடிப்படியில் எட்டாம் தளம்வரை குடங்கள் வரிசையாக நின்றன. தேசம்மா வெட்டுத்துணியில் எண் தைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு டோக்கன் கொடுத்தாள், யாருக்கு முன்னால் யார் என்பதை அவள்தான் சொன்னாள். ஐந்து வருடத்தில் அவள் வீட்டு நிலைப்படியைத் தாண்டாதவர்கள்கூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சௌக்கியமா என்று கேட்டு, காத்திருக்கும் நேரத்தில் அவளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தார்கள். சி பிளாக்காரர்கள் பொறாமைப்பட்டார்கள். தங்கள் கட்டடமும் இறங்கட்டும் என்று மொட்டைமாடியில் கருங்கல்லும் இரும்புத்தூளும் ஏற்றினார்கள், ஆடி வெள்ளிக்கு முன்பே கூழ் காய்ச்சி வேண்டிக்கொண்டார்கள், வாரம் ஒரு முறை எல்லோரும் சேர்ந்து மாடியில் ஏறி நின்று பார்த்தார்கள். அது இறங்கவில்லை.

சொர்ணலதா மாதத்தில் ஒரு நாள் வந்தவள் இப்போது வாரத்துக்கு ஒரு நாள் வந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை அளவெடுத்து முடித்து, வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, குடம் நிறைவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அக்கா, போன மாசம் வாரத்துக்கு அரைச்சாண். இப்ப நாளைக்கு ரெண்டு விரல்.”

“ஆமா. ராவுல படுத்தா வயித்துல தெரியுது.”

“தண்ணியாலதான். மண்ணுல இருந்து நீங்க எடுக்க எடுக்க அது சீக்கிரம் இறுகுது. ஜன்னலை அடைச்சிட்டா வேகம் குறையும். அதுக்குள்ள உங்க எட்டு வீட்டுக்காரங்களுக்கு வேற இடம் கேட்டு நான் எழுதறேன்.”

தேசம்மா குடத்தை நகர்த்திவிட்டு அடுத்த குடத்தை வைத்தாள். அவளுடைய கை நிற்கவில்லை. ஆனால் சொர்ணலதா போன பிறகு பூங்காவனத்தை வரச்சொல்லி, கேட்டதைக் கேட்டபடி சொன்னாள். பூங்காவனம் இரண்டாம் மாடி நடையில் எல்லோரையும் கூட்டி, கீழே இருப்பவர்கள் நம் ஜனங்கள், அவர்கள் தலையில் உட்கார்ந்து நாம் தண்ணீர் குடிக்கிறோம் என்று சொன்னாள். எட்டு ஜன்னல்களையும் பலகை அடித்துத் தார்ப்பாய் வைத்து அடைத்தார்கள். அடுத்த ஐந்து நாளில் கட்டடம் ஒரு விரல்தான் இறங்கியது.

அந்த ஐந்து நாளும் லாரி வரவில்லை. ஏழாம் மாடியில் ஒரு கைக்குழந்தைக்குப் பேதி நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆறாம் நாள் காலையில் பூங்காவனம் ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தேசம்மாவின் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

“இன்னாடி நிக்கிற?”

“மருமவ மூணு மாசம் முழுவாம கீது. நேத்துலேர்ந்து வாயில தண்ணி படல.”

“அந்தச் சுத்தியல எடுடி.”

பூங்காவனம் எடுத்துக் கொடுத்தாள். தேசம்மா தானே பலகையைப் பெயர்த்தாள். “உனுக்கு மட்டும் குட்த்துட்டு மத்தவங்கள இல்லன்னு சொல்ல எனுக்கு வாய் வராது, தெரியும்ல,” என்றாள். பூங்காவனம் தெரியும் என்றாள். மத்தியானத்துக்குள் எட்டு ஜன்னலும் திறந்திருந்தன.

ஆனி பாதியில் தரைத்தளத்துக்காரர்களை மேலே கொண்டுவரத் தொடங்கினார்கள். கட்டடத்தில் லிஃப்ட் ஒன்று இருந்தது, திறப்புவிழா அன்று ஐந்தாம் மாடிவரை போனது அங்கேயே நின்றுவிட்டது. ஆகவே நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். கண் தெரியாத அக்கா தங்கையை நாலாம் மாடியில் ஒரு வீட்டில் ஏற்றுக்கொண்டார்கள், கால் எடுத்த பெரியவருக்கு ஆறாம் மாடி நடையில் கட்டில் போட்டுத் திரை கட்டினார்கள், இருந்ததெல்லாம் ஒரே அறையும் ஒரு சமையல் மறைப்பும் உள்ள வீடுகள். சொர்ணலதா எழுதிய கடிதத்துக்கு அலுவலகத்தில் பதில் கிடைத்தது. தேசம்மாவுக்கு எச் பிளாக்கில் மாற்று வீடு ஒதுக்கியிருந்தார்கள், காலியாக இருந்தது அது ஒன்றுதான், ஏழாம் மாடி.

தேசம்மாவைப் பூங்காவனம் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். புருஷன், இரண்டு மகன்கள், கர்ப்பமான மருமகள், அவர்களுக்கு நடுவில் ஒரு பாய் விரித்தாள். யாரும் ஒரு சொல் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் தரைத்தளத்தைப் போல வீட்டுக்குள் இல்லாமல் நடையின் கோடியில் இருந்த கக்கூசுக்குப் பலகை திரும்பாது, ஒவ்வொரு முறையும் பூங்காவனத்தின் மகன்கள் இருவரும் அவளைத் தூக்கிப்போய் உட்காரவைத்து, முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு வெளியே நிற்க வேண்டியிருந்தது. இரண்டாம் நாளிலிருந்து தேசம்மா தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். ஒரு கட்டடத்துக்கே தண்ணீர் கொடுத்தவள் ஒரு நாளைக்கு அரை டம்ளரில் நாக்கை நனைத்துக்கொண்டு இருந்தாள், உதடு வெடித்தது, ஒன்பதாம் நாள் காய்ச்சல் கண்டது. பதினோராம் நாள் பூங்காவனத்தின் கையைப் பிடித்து, “என்ன கீழ கொண்டுபோய் வுட்ரு பூங்கா. அங்கன்னா நானே பாத்துப்பேன்,” என்றாள்.

“நாளிக்கே தளம் முழுசா மூடிடும்டி.”

“மூடட்டும். படி தொறந்துதான கீது.”

மறுநாள் பூங்காவனம் மகன்களைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னாள்.

தரைத்தளம் மூடிப்போய், முதல் மாடியின் தரையும் வெளிமண்ணும் ஒரே மட்டமாக ஆன பிறகும் தேசம்மா கீழேதான் இருந்தாள். படிக்கட்டு கறுப்பாக வழுக்கியதால் யாரும் இறங்கவில்லை, படிச்சுற்றின் நடுவே கயிறு விட்டுக் காலிக்குடத்தை இறக்கினார்கள், கீழே அவள் எட்டு வீட்டு ஜன்னல்களுக்கும் உருண்டு உருண்டு போய் நிரப்பிக் கட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், மேலே இழுத்துக்கொண்டார்கள். அதே கயிற்றில் சோறு போனது, துணி போனது, தைத்த சட்டை வந்தது. இடைப்பட்ட நேரத்தில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. காலையில் ஒரு மணி நேரம் பூங்காவனம் மேல்படியில் உட்கார்ந்து கீழே பார்த்தபடி பேசுவாள், தட்டி ஓட்டை வழியாகப் பேசியது போலவே ஒருவர் முகம் ஒருவர் பார்க்காமல், புளிக்குழம்பு, மருமகளுக்கு வாந்தி நின்றது, சின்னவனுக்கு வேலை என்று பேசுவார்கள். ஒரு நாள் பூங்காவனம், “எல்லாத்தயும் நிறுத்திடலாம்டி, ஜன்னல அடைச்சிடலாம்,” என்றாள். கீழிருந்து, “நிறுத்திட்டா? மேல வந்துடுமா?” என்று பதில் வந்தது. பிறகு, “குடத்த வுடு,” என்றது.

ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை மத்தியானம் மிஷின் சத்தம் நின்றது. படியில் நின்ற நாலைந்து பேருக்கும் கீழே ஏதோ நிதானமாகப் புரள்வது போலக் கேட்டது, சோற்றுப்பானை கொதி வருவதற்கு முன் போடும் சத்தம். தேசம்மாவின் குரல், பயம் இல்லாமல், சற்று அவசரமாக, “பூங்கா, குடத்த இஸ்துக்கோ,” என்றது. பூங்காவனம் இழுத்தாள். குடம் விளிம்புவரை நிறைந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் வந்தது. அவள் அதை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தபோது, படிக்கட்டில் மேலிருந்து நாலாவது படியில் கறுப்புக் களிமண் வந்து அசையாமல் நின்றிருந்தது.

மூன்று நாள் தோண்டினார்கள். பூங்காவனத்தின் மகன்கள் தோண்டினார்கள், முதல் மாடி தோண்டியது, பொறாமைப்பட்ட சி பிளாக்காரர்கள் மண்வெட்டியோடு வந்து தோண்டினார்கள், சொர்ணலதா ஒரு மண்வாரி இயந்திரத்தைக் கெஞ்சிக் கொண்டுவந்தாள், அது உள்ளே நுழையவில்லை. பாண்டுச் சட்டிகளில் அள்ளி வெளியே கொட்டினார்கள், அள்ளிய இடம் அடுத்த மூச்சில் நிறைந்தது. மூன்றாம் நாள் மாலை சொர்ணலதா அளவுகோலை நட்டுப் பார்த்துவிட்டு, நாம் தோண்டிய நேரத்தில் கட்டடம் ஒரு சாண் இறங்கியிருக்கிறது, மண் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, நிறுத்துங்கள் என்றாள். அலுவலகப் பதிவேட்டில் மூன்றாம் எண் வீட்டுக்கு நேராக ‘காலி’ என்று எழுதினார்கள். பூங்காவனம் கடைசியாக வந்த குடத்துத் தண்ணீரை யாருக்கும் கொடுக்கவில்லை. பிறகு மருமகளுக்குப் பொய்வலி வந்த அன்று, லாரியும் வராதபோது, அதைக் காய்ச்சிக் கொடுத்தாள்.

தரைத்தளத்தோடு தண்ணீரும் போயிற்று. ஜனங்கள் மறுபடி லாரிக்குக் காத்திருந்தார்கள், காத்திருந்த நேரத்தில் முதல் மாடி ஜன்னலுக்குக் களிமண் வர இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்கள். சொர்ணலதாவைக் கண்டால் அதைத்தான் கேட்டார்கள். அவள் அளவெடுத்துவிட்டுப் போனாள்.

புரட்டாசியில் அலுவலகத்திலிருந்து ஆணை வந்தது. பி பிளாக்கில் வெளிவாசல் இப்போது முதல் மாடியில் இருப்பதால், இன்று முதல் அதுவே தரைத்தளம் எனப்படும், தரைத்தளம் விதிப்படி நடக்க இயலாதவர்களுக்கும் கண்பார்வை அற்றவர்களுக்கும் முதியோருக்கும் உரியது, தற்போது அங்கே குடியிருப்போருக்கு மொட்டைமாடியில் புதிய தளம் கட்டித் தரப்படும். முதல் மாடிக்காரர்கள், தளம் எழும்பட்டும் என்றுகூடக் காத்திராமல், ஒரே நாளில் சாமான்களைக் கட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினார்கள். நாலாம் மாடியிலிருந்து கண் தெரியாத அக்கா தங்கை இறக்கப்பட்டார்கள், ஆறாம் மாடி நடையிலிருந்து கால் எடுத்தவரின் கட்டில் இறங்கியது, நாலு மாதமாகத் தண்ணீர்க் குடத்தோடு மூன்று மாடி ஏறி இறங்கியதில் இரண்டு முழங்காலும் வீங்கி உட்கார்ந்துவிட்ட பூங்காவனத்துக்குப் புதுத் தரைத்தளத்தின் மூன்றாம் எண் வீடு ஒதுக்கப்பட்டது.

சொர்ணலதாவை அப்போது வேறு மாவட்டத்துக்கு மாற்றியிருந்தார்கள். போவதற்கு முன் அவள் பூங்காவனத்தைப் பார்க்க வந்தாள்.

“அந்த வீட்டை வாங்காதீங்கம்மா. கையெழுத்து போடாதீங்க.”

“ஏற முடியலம்மா,” என்றாள் பூங்காவனம். “இன்னா பண்ண சொல்ற? அங்கன்னா நானே கக்கூசுக்குப் போயிப்பேன். யாரையும் கூப்பிட வேணாம்.”

சொர்ணலதா போகும்போது, பூங்காவனம் கேட்காமலே, தன்னுடைய அளவுக் குறிப்பேட்டை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனாள். பூங்காவனத்துக்கு எழுத்து தெரியாது, அடுப்புத் துணிக்குக் கீழே அதைப் பத்திரமாக வைத்தாள்.

ஐப்பசி போய், கார்த்திகை போய், மாசியில் ஜன்னலில் சிவப்பு கிராவல் ஏறியது, பங்குனியில் உடைந்த செங்கல் ஏறியது. பூங்காவனத்தின் வாசலிலிருந்து மாடிப்படிவரை, படியிலிருந்து மொட்டைமாடியின் புதுத்தளம்வரை, காலிக்குடங்கள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் அமர்ந்தன. சித்திரை கடைசியில் ஒரு காலை நேரம் கம்பிக்கு வெளியே கறுப்பு தெரிந்தது. மருமகள், ஐந்து மாதக் குழந்தை இடுப்பில், முதல் ஆளாக வந்து குடத்தை நீட்டினாள். பூங்காவனம் வேட்டித் துணியைக் கம்பியில் இறுக்கிக் கட்டி, குடத்தை நேராக வைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். முதல் சொட்டு விழக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விழுந்ததும், வரிசையில் அது மேலே போனது, ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்கு, வந்துடுச்சி, வந்துடுச்சி என்று, எட்டு தளமும் ஏறி.